களாக்காய்க்கு எதுக்குங்க டப்பா?



நம்ம பாகாயம் பக்கம் களாக்காய்க்கு விலைன்னு ஒண்ணு ரொம்ப நாளா கிடையாது. கொல்லை வேலியில காய்க்கும், யார் வேணும்னாலும் பறிச்சுக்கலாம். முள்ளு கீறும், காம்பைக் கிள்ளினா வெள்ளையா பால் வடிஞ்சு விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும். அதுதான் நாங்க கொடுத்த விலை. இப்போ அதே களாக்காய் பொடியாகி, கண்ணாடி பாட்டிலுக்குள்ள போய், ‘காட்டுப் பழம்’, ‘ரத்த விருத்தி’, ‘நூறு சதவீதம் இயற்கை’ன்னு பேர் ஒட்டிக்கிட்டு வருது. நாவல் கொட்டைப் பொடி, நெல்லிப் பொடி, சப்பாத்திக்கள்ளிப் பழச் சாறு, ஆவாரம்பூ டீ எல்லாம் அதே அலமாரியிலதான் உட்கார்ந்திருக்கு.

இதையெல்லாம் வாங்கறது வேற யாரும் இல்லை, சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான். அவங்களைக் கிண்டல் பண்ண இதை எழுதலை. ஊர்ல சின்ன வயசுல தின்ன ருசியைத் தேடித்தான் பாதிப் பேர் வாங்கறாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா ஒரு விவசாயியா என் கருத்தைச் சொல்லிடறேன். புதர்ல காய்க்கிற பழம் சாப்பாடு. அதை மருந்துன்னு சொல்லி டப்பாவுல அடைக்க ஆரம்பிச்சா வாங்கறவங்களுக்கும் நஷ்டம், பறிக்கிறவங்களுக்கும் நஷ்டம், செடிக்கும் நஷ்டம். ஏன்னு ஒண்ணொண்ணா பார்ப்போம்.

எங்க வருஷக் கணக்கு

எங்களுக்குப் பழம்தான் காலண்டர். மார்கழி, தை வந்தா இலந்தை. கூடவே சூரைப்பழம், காரைப்பழம். குளிர்காலம் முழுக்க நெல்லி. கோடையில களாக்காய் பிஞ்சு விழும், ஊறுகாய்க்கு அதுதான் பதம். ஆனி, ஆடியில நாவல் பழுக்கும். வேலியில மிச்சம் விட்ட களாவும் அப்போதான் கருஞ்சிவப்பா பழமாகும். மழை பெஞ்சா மணத்தக்காளி தானா முளைக்கும். சுண்டை மட்டும் கிணத்தடியில வருஷம் பூரா நின்னு காய்ச்சுக்கிட்டே இருக்கும்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்குவம் உண்டு. சுண்டைக்காயை நசுக்கி, உப்புப் போட்ட மோர்ல ஊற வெச்சு, வெயில்ல காயவெச்சு, ராத்திரி திரும்ப அதே மோர்லயே போடணும். மோர் வத்தற வரைக்கும் இப்படியே. அப்புறம்தான் கசப்பு வாய்க்கு அடங்கும். மணத்தக்காளி பச்சைக் காயில சோலனின்னு ஒரு நச்சுப்பொருள் கொஞ்சம் உண்டு, பழுக்கப் பழுக்க அது குறையும். அந்தப் பேரெல்லாம் எங்க ஆயாவுக்குத் தெரியாது. ஆனா “காயைப் பச்சையா மெல்லாத, வயித்த வலிக்கும், பழமாகட்டும்”னு சொல்லத் தெரியும். இலந்தைப் பழத்தை உரல்ல போட்டு மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடிச்சுத் தட்டிக் காயவெச்சா இலந்தை வடை. பள்ளிக்கூட வாசல்ல அதை வாங்கித் தின்னாதவங்க இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க. 1968ல வந்த ‘பணமா பாசமா’ படத்துல எல்.ஆர். ஈஸ்வரி பாடின இலந்தைப்பழப் பாட்டு தமிழ்நாட்டையே ஆட்டி வெச்சுதுன்னா, அந்தப் பழம் அவ்வளவு சாதாரணமா எல்லார் வாயிலயும் இருந்ததுதான் காரணம்.

ஆகவே காயவெச்சு வைக்கிறதுக்கு நான் எதிரி இல்லை. வத்தல் போட்டவன் வீட்டுப் பிள்ளைதான் நான். வத்தக்குழம்புல பத்துப் பன்னிரண்டு சுண்டை வத்தல் போடுவோம். சோத்தோட சாப்பிடுவோம். வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள். வெறும் வயித்துல காலை ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன்னு எந்த ஆயாவும் சொன்னதில்லை.

‘ஆதிகாலத்துப் பாரம்பரியம்’னு டப்பாவுல போடறாங்களே, அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சுண்டைக்காயே அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் இருந்து வந்த செடி. சப்பாத்திக்கள்ளியும் அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்துல வந்த கள்ளி தென்னிந்தியா முழுக்க நிலத்தை அடைச்சுக்கிட்டு, அழிக்க வழி தெரியாம திண்டாடினாங்க. கடைசியில 1926ல இலங்கையில இருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டு வந்து விட்டுத்தான் அதை அடக்கினாங்க. அன்னைக்குப் பூச்சி விட்டுக் கொன்ன செடியோட பழம் இன்னைக்கு ‘முன்னோர் தந்த அமுதம்’. எனக்கு அதுல கோபம் இல்லை, சிரிப்புதான் வருது. வெளியில இருந்து வந்த செடியையும் பக்குவம் கண்டுபிடிச்சுச் சொந்தமாக்கிக்கிட்டோம். அந்தப் பக்குவம்தான் பாரம்பரியம். டப்பாவுல அது மட்டும்தான் இருக்காது.

மருந்துன்னு சொன்னதும்

இனிமே சொல்றது கொஞ்சம் கசக்கும்.

நாவல் கொட்டைப் பொடி சாப்பிட்டா சர்க்கரை வியாதி போயிடும்னு விளம்பரம் வருது. சர்க்கரை வியாதியைக் குணமாக்கும்னு பொதுமக்களுக்கு விளம்பரம் பண்றதையே நம்ம நாட்டுல 1954லயே சட்டம் போட்டுத் தடுத்திருக்காங்க. மருந்து, மாயத் தீர்வு ஆட்சேப விளம்பரச் சட்டம்னு பேரு. அதோட அட்டவணையில சர்க்கரை வியாதியும் இருக்கு. எழுபது வருஷம் ஆயிடுச்சு, விளம்பரமும் நிக்கலை.

நாவலைப் பத்தி ஆராய்ச்சியே இல்லையான்னா, இருக்கு. எலிகிட்ட நல்ல பலன் சொன்ன ஆராய்ச்சி நிறைய உண்டு. பிரேசில்லயும் நம்ம மாதிரியே நாவல் இலையை டீ போட்டுச் சர்க்கரைக்குக் குடிக்கிற பழக்கம் இருக்கு. அங்கே டாக்டர்கள் சர்க்கரை நோயாளிகளுக்கே அந்த டீயைக் கொடுத்து ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2004ல முடிவு வந்தது. ரத்தத்துல சர்க்கரை குறையலை. கொட்டைக்கும் இலைக்கும் வித்தியாசம் உண்டு, அதனால கொட்டை வீண்னு நான் சொல்ல வரலை. எலிக்கு நடந்தது மனுஷனுக்கும் நடக்கும்னு எழுதி விக்க முடியாதுன்னுதான் சொல்றேன்.

நெல்லிக்காயைப் பாருங்க. நூறு கிராம்ல 600 மில்லிகிராம் வைட்டமின் சின்னு எல்லா பாக்கெட்லயும் போட்டிருப்பாங்க. அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய பட்டியல்ல இருந்த கணக்கு. அதே நிறுவனம் 2017ல புதுசா அளந்து வெளியிட்ட பட்டியல்ல ஏறக்குறைய 250தான். அதுவும் பச்சைக் காய்க்கு. சூட்டுல காஞ்சு, அரைபட்டு, மாசக் கணக்கா அலமாரியில இருந்த பொடியில எவ்வளவு மிஞ்சும்னு நீங்களே யோசிங்க. நெல்லிக்காய் 250லயும் ராஜாதான், ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை பொய்யாகிடப் போறதில்லை. ஆனா இல்லாத பெருமையை ஏத்திச் சொல்லி விக்கற அளவுக்கு அது ஏழைப் பழமும் இல்லை.

இதுல பயமே, பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தறதுதான். பாகாயத்துல பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கிறதால, எங்கெங்கிருந்தோ வர்ற ஜனங்களைத் தினமும் பஸ்ல பார்க்கறேன். கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு ஏறுவாங்க. பேச்சுக் கொடுத்தா, “நடுவுல ஒரு வருஷம் மாத்திரையை விட்டுட்டு வேற ஒண்ணு சாப்பிட்டுப் பார்த்தோம்பா”ன்னு சொல்றவங்களும் உண்டு. சித்த மருத்துவரைப் பத்தி நான் குறை சொல்லலை. அவர் நாடி பிடிச்சு, ஆளைப் பார்த்து, பத்தியம் சொல்லிக் கொடுக்கறார். டப்பா யாரையும் பார்க்காது, கொரியர்ல வந்து நிக்கும்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லணும். பேக்கரி கேக் மேல, பன்னுக்குள்ள செக்கச்செவேல்னு ‘செர்ரி’ வைக்கிறாங்களே, அதுல பெரும்பாலும் நம்ம களாக்காய்தான். கொட்டை எடுத்து, நிறம் வெளுக்க வெச்சு, சாயமும் சர்க்கரைப் பாகும் ஏத்தினா செர்ரி. பேர் போட்டு வந்தா மருந்து, பேர் மறைச்சு வந்தா செர்ரி. களாக்காய் களாக்காயாவே கடைக்கு வரக்கூடாதுன்னு யாரோ சத்தியம் பண்ணின மாதிரி இருக்கு.

எந்த மண்ணுல விளைஞ்சது?

‘காட்டுல தானா விளைஞ்சது’ன்னு டப்பாவுல எழுதினா, நகரத்து ஆளுக்கு நிம்மதி. எங்களுக்கு அப்படி இல்லை. நாங்க பாலாற்றுக்காரங்க.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு தோல் ஷாப் வரிசையா இருக்கிற ஊர் இது. தோல் ஷாப்தான் ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போடுது, அதை மறுக்கலை. ஆனா அதோட கழிவுநீர் பண்ண வேலைக்கும் கணக்கு இருக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் பட்டறைப் பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசாவோ பயிருக்கு லாயக்கில்லாம போச்சுங்கிற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்புலயே பதிவாகியிருக்கு. மாசு பண்ணவனே ஈடு கட்டணும்ங்கிறது நம்ம நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொன்னது எங்க ஊர் வழக்குலதான். 2025 ஜனவரியில திரும்பவும் இதே விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. முப்பது வருஷத்துல எவ்வளவு சரியாச்சுன்னு இதுலயே தெரியும்.

மணத்தக்காளியும் சுண்டையும் ஈரம் எங்க இருந்தாலும் முளைக்கும். கால்வாய் ஓரம், சாக்கடை ஓரம், ரோட்டோரம்னு பார்க்காது. தானா முளைச்சது சுத்தம்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. எங்க ஆளுங்க எந்தக் கரையில பறிக்கணும், எந்தக் கரையில பறிக்கக்கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க. பத்து ஊர்க் காய் ஒரே மூட்டையில சேர்ந்து மிஷினுக்குள்ள போயிட்டா அந்த அறிவு அங்கேயே செத்துப் போகுது. டப்பாவுல பேக் பண்ண ஊர் இருக்கும். பறிச்ச ஊர் இருக்காது.

பறிக்கிற கை

பறிக்கிறது யாரு? பெரும்பாலும் வயசான பொம்பளைங்க. வேற வேலைக்குக் கூப்பிடாத வயசுல, காலையில கூடையைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் போறவங்க. அமிர்தி பக்கம், ஜவ்வாது மலை மேலன்னா மலைவாழ் ஜனங்க. களாக்காய் ஒரு கூடை நிரப்பறதுக்குள்ள கையெல்லாம் கோடு கோடா இருக்கும். முன்னெல்லாம் அதைக் கொண்டு வந்து நேதாஜி மார்க்கெட் வாசல்லயோ பள்ளிக்கூட வாசல்லயோ கூறு போட்டு அவங்களே விப்பாங்க. கூறுக்கு என்ன விலைன்னு அவங்க சொல்றதுதான். வாங்கறவங்க முகத்தைப் பார்த்து ரெண்டு காய் கூடப் போடுவாங்க.

பொடி வியாபாரம் வந்தா மூட்டை எடை. நெல்லிக்காய் எடையில முக்கால் பங்குக்கு மேல தண்ணி. ஒரு கிலோ பொடிக்குப் பல கிலோ காய் வேணும். “காஞ்சா ஒண்ணுமில்லாம போயிடுது ஆயா”ன்னு சொல்லியே வாங்கற விலையைக் குறைப்பாங்க. அதே காரணத்தைச் சொல்லியே விக்கிற விலையை ஏத்துவாங்க. காடு சார்ந்த ஜனங்களுக்குச் சிறு வன விளைபொருள்ல உரிமை உண்டுன்னு 2006 வன உரிமைச் சட்டம் சொல்லுது. சேகரிக்கலாம், பயன்படுத்தலாம், விக்கலாம். ஆனா பொடியாக்கற மிஷினும் லைசென்சும் லேபிளும் வேற யார்கிட்டயோ இருந்தா, அந்த உரிமை கூடையோட நின்னு போகுது.

நம்ம சமையலறை அறிவை வெளிநாட்டுக்காரன் பேர்ல பதிவு பண்ணினாங்கன்னு ஒரு காலத்துல கொதிச்சோம். 1999ல நாவல், பாகற்காய், சிறுகுறிஞ்சான், கத்தரி சேர்த்த சர்க்கரைக் கலவைக்கு அமெரிக்காவுல காப்புரிமை கொடுத்தப்போ பேப்பர்ல எல்லாம் வந்தது. அன்னைக்கு வந்த கோபம் நியாயம். உள்ளூர்லயே ஆயாகிட்ட பக்குவம் கேட்டுக்கிட்டுப் போய் ‘எங்கள் ரகசியத் தயாரிப்பு’ன்னு லேபிள் போடறப்போ அந்தக் கோபம் எங்க போச்சு?

தோல் ஷாப் சொல்லிக் கொடுத்த பாடம்

“மார்க்கெட் வந்தா விவசாயி நட்டு வளர்ப்பான், செடி பிழைச்சுக்கும்”னு ஒரு நண்பர் வாதாடினார். பாதி சரி. நெல்லிக்கு அப்படித்தான் நடந்தது. இன்னைக்குக் கடையில வர்ற பெரிய நெல்லி பெரும்பாலும் என்ஏ 7, பவானிசாகர் பிஎஸ்ஆர் 1 மாதிரி ஒட்டு ரகம், தோப்புல தண்ணி பாய்ச்சி வளர்த்தது. அது நல்ல விஷயம்தான். அதை ‘காட்டு நெல்லி’ன்னு சொல்லாம இருந்தா இன்னும் நல்லது.

மீதிப் பாதிக்கு எங்க ஊரே சாட்சி. குரோம் வர்றதுக்கு முன்னாடி தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். காட்டுலயும் கொல்லையிலயும் இருந்து மூட்டை மூட்டையா தோல் ஷாப்புக்குப் போகும். ஏத்துமதித் தோலுக்குப் பேரே அந்தப் பட்டையாலதான் வந்தது. 1970கள்ல அரசாங்கம் பாதி பதனிட்ட தோல் ஏத்துமதியைக் கட்டுப்படுத்தினதும் குரோம் வேகமா பரவினதும் சேர்ந்து வந்துச்சு. பட்டைக்கு மவுசு போச்சு. அதை நம்பி இருந்தவங்களை யாரும் திரும்பிப் பார்க்கலை. இப்போ அதே ஆவாரை பூவா, டீயா திரும்ப வந்திருக்கு. நாளைக்கு வேற ஒரு பூ வந்தா இதுவும் போகும். ஒரு மார்க்கெட் செடியை உச்சிக்கும் தூக்கும், அம்போன்னும் விடும். வாய்க்கு ருசியா பழகின செடி மட்டும்தான் மார்க்கெட் போன பிறகும் வீட்டோரம் நிக்கும்.

அந்த நிக்கிற இடம்தான் இப்போ குறைஞ்சுக்கிட்டே வருது. வேலிக்குக் களா வெச்ச காலம் போய் கல்தூணும் கம்பியும் வந்துடுச்சு. மனை போட்ட கொல்லைக்குக் காம்பவுண்டு சுவர். 2017ல சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டப்போ, வேலை நல்ல வேலைதான். ஆனா ஜேசிபிக்குக் கருவேலமும் தெரியாது காரையும் தெரியாது, முள்ளு இருந்தா வாரிப் போட்டுடும். கரையும் சுத்தம், பழமும் சுத்தம். இலந்தை மரத்துல இருந்து பறவை தின்னு போட்ட கொட்டை முளைக்கறதுக்கு ஒரு முழம் இடம் வேணுமில்ல? பொடி வாங்கற காசுல ஒரு பைசாகூட அந்த ஒரு முழத்துக்குப் போறதில்லை.

அப்போ என்னதான் பண்றது?

நகரத்துல இருக்கிற நீங்க பண்ணக்கூடியது நிறைய இருக்கு.

பழத்தைப் பழமா, காயைக் காயா வாங்குங்க. சீசன் வரும்போது ரோட்டோரம் கூறு போட்டு உட்கார்ந்திருக்கிற ஆயாகிட்ட வாங்குங்க, பேரம் பேசாதீங்க. வத்தல் வேணும்னா ஊர்ல போடறவங்ககிட்டயும் மகளிர் சுய உதவிக் குழுக்கள்கிட்டயும் வாங்குங்க. குழம்பு வெச்சு சாப்பிடுங்க, ஸ்பூன் கணக்கு வேணாம்.

டப்பாதான் வாங்குவேன்னா மூணே கேள்வி கேளுங்க. எந்த ஊர்ல, எந்த மாசம் பறிச்சது? பறிச்சவங்களுக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீங்க? கன உலோகம் பரிசோதிச்ச ரிப்போர்ட் இருக்கா? மூணுக்கும் பதில் சொல்றவங்ககிட்ட தாராளமா வாங்குங்க, அவங்க நல்லா இருக்கட்டும். வியாதி தீரும்னு மட்டும் சொல்றவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. மாத்திரையை டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

ஊர்ல இன்னும் நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பி வேலி போடறதா இருந்தா, உள்பக்கமா மூணு நாலு அடிக்கு ஒரு களாச் செடி வைங்க. பழுத்த பழத்துக் கொட்டையை எடுத்த உடனே விதைக்கணும், வெச்சிருந்தா முளைப்பு போயிடும். முதல் வருஷம் கொஞ்சம் தண்ணி, அப்புறம் அது பாட்டுக்கு நிக்கும். ஆடு வாய் வைக்காது. மூணாவது வருஷம் வாக்குல காய் பார்க்கலாம். கிணத்தடியில ஒரு சுண்டை. கத்தரி போடறவங்க சுண்டை வேர்ல கத்தரியை ஒட்டுக் கட்டி வாடல் நோயைச் சமாளிக்கறாங்க, அதுக்கும் ஆச்சு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு வாங்கின மாவட்டம் இது, கத்தரியோட சொந்தக்காரச் செடிக்கு ஒரு இடம் கொடுக்க மாட்டோமா?

குழந்தைகளுக்கு லீவு விட்டதும் ஊருக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. ஆடியில வந்தா நாவல் கிடைக்கும், தையில வந்தா இலந்தை கிடைக்கும். முள்ளு குத்தும், சட்டையில கறை படும், அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது. முன்கூட்டியே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.